ஏழு மாடியும் ஒரு தனி நீதிமன்றமும்

பழனி அடிவாரத்தில் நின்று தெற்கே பார்த்தால் மலை ஒரு சுவர் போல எழுந்து நிற்கும். முருகனின் குன்றுக்குப் போகும் கூட்டத்தில் பாதிப் பேர் அந்தப் பெரிய மலையைக் கவனிப்பதே இல்லை. அதன் உச்சியில், ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்தில் கோடைக்கானல் இருக்கிறது. அங்கே பெய்யும் மழைதான் பாலாறு-பொருந்தலாறு, குதிரையாறு அணைகளுக்கு வந்து பழனிச் சுற்றுவட்டார வயல்களுக்குப் பாய்கிறது. மலையில் ஒரு மரம் போனால் கீழே ஒரு வாய்க்கால் காயும். மலைவாசிகளுக்கும் விவசாயிகளுக்கும் இது பாடப்புத்தகம் இல்லாமலே தெரிந்த கணக்கு.

அந்த மலையில் எழுந்த ஒரு ஓட்டல் கட்டிடம் ஒரு முன்னாள் முதலமைச்சரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. அதற்காகத் தனி நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன நாளில், அந்த ஓட்டலைப் பார்த்தேயிராத மூன்று கல்லூரி மாணவிகள் தருமபுரியில் உயிரிழந்தார்கள். இன்று கல்லூரியில் படிப்பவர்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள். அவர்களுக்காகவே இந்தக் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

கட்டிடம்

கோடைக்கானலில் ஏரி வெட்டப்பட்டது 1863-ல். அதன் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் அது ஓட்டு வீடுகளும் தேவாலயங்களும் பள்ளிகளும் கொண்ட சிறிய ஊராகத்தான் இருந்தது. சுற்றுலா பெருகியதும் நிலத்தின் விலை ஏறியது. நிலத்தை அகலமாக்க முடியாது, கட்டிடத்தை உயரமாக்கலாம் என்ற யோசனை பலருக்கும் வந்தது.

மலைச்சரிவில் உயரமாகக் கட்டுவதில் பல சிக்கல்கள் உண்டு. மண் சரியும், குடிநீர் போதாது, கழிவுநீர் கீழே இறங்கும். இதனால்தான் மலை ஊர்களுக்கென்று தனிக் கட்டிட விதிகள் 1993-ல் வந்தன. இரண்டு மாடிக்கு மேல் கூடாது என்பது அவற்றின் சாரம்.

'பிளசன்ட் ஸ்டே' என்ற ஓட்டலோ ஏழு மாடிக்கு எழுந்தது. விதியை மீறிய கட்டிடத்துக்கு அரசு என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகூடப் பதில் சொல்லும். ஆனால் 1994-ல் வந்தது இடிக்கும் உத்தரவு அல்ல, விதியிலிருந்து விலக்கு அளிக்கும் அரசாணை! அப்போது ஜெயலலிதா முதலமைச்சர். உள்ளாட்சித் துறை டி.எம். செல்வகணபதியிடம் இருந்தது.

வழக்கு போட்டவர்கள்

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பாத்திரம் ஒன்று உண்டு. பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் என்று ஒரு அமைப்பு. 1985-ல் கோடைக்கானலில் தொடங்கப்பட்டது. கட்சியும் கொடியும் இல்லாதவர்கள், நாற்றங்கால் போட்டு மரக்கன்று வளர்த்தவர்கள். அவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டார்கள்.

அவர்கள் யாரையும் சிறைக்கு அனுப்பச் சொல்லவில்லை. விதி இரண்டு மாடி என்கிறது, கட்டிடம் ஏழு மாடி நிற்கிறது, விலக்கு கொடுத்தது சரியா என்பதுதான் அவர்கள் கேள்வி. உயர் நீதிமன்றம் சரியில்லை என்றது. ஓட்டல் தரப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1995-ல் உச்ச நீதிமன்றமும் விதிமீறிய மாடிகளை இடிக்க வேண்டும் என்ற முடிவை உறுதி செய்தது. இன்றும் நாட்டின் பல மூலைகளில் விதிமீறிய கட்டிடம் பற்றிய வழக்கு வந்தால் வக்கீல்கள் இந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுகிறார்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிவில் இது தேவைப்படும்.

தனி நீதிமன்றம் என்றால் என்ன?

1996 தேர்தலில் ஆட்சி மாறியது. தி.மு.க. வந்தது. முந்தைய ஆட்சியின் முதலமைச்சர், அமைச்சர்கள், அதிகாரிகள் மீது நாற்பதுக்கும் மேற்பட்ட ஊழல் வழக்குகள் வந்தன. அவற்றை விசாரிக்க 1997-ல் சென்னையில் மூன்று தனி நீதிமன்றங்கள் அமைக்கப்பட்டன. கோடைக்கானல் ஓட்டல் வழக்கும் அவற்றில் ஒன்றுக்கு வந்தது.

தனி நீதிமன்றம் என்றால் தனிச் சட்டம், தனிச் சிறை என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, மத்திய அரசோ மாநில அரசோ சிறப்பு நீதிபதிகளை நியமிக்கலாம் என்கிறது. இந்தச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்களை அவர்கள்தான் விசாரிக்க வேண்டும். கூடுமானவரை நாள்தோறும் தொடர்ந்து விசாரிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. மற்றபடி சாட்சியம், குறுக்கு விசாரணை, மேல்முறையீடு எல்லாம் செஷன்ஸ் நீதிமன்றத்தைப் போலத்தான்.

இப்படி ஒரு ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது? சாதாரண நீதிமன்றத்தில் நில வழக்கு, கொலை வழக்கு, திருட்டு வழக்கு எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. அதிகாரத்தில் இருந்தவரின் வழக்கு அந்த வரிசையில் நின்றால் அவர் மறுபடி அதிகாரத்துக்கு வந்துவிடுவார். வந்துவிட்டால் சாட்சிகளின் ஞாபகசக்தி குறைந்துவிடும்! அதனால் வேகம்தான் தனி நீதிமன்றத்தின் ஒரே ஆயுதம்.

ஆனால் இதில் ஒரு நெருடல் உண்டு. முந்தைய ஆட்சியை விசாரிக்கும் நீதிமன்றத்தை அடுத்த ஆட்சி அமைக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை இருக்கிறது. கன்றை இழந்த பசுவுக்காகத் தன் சொந்த மகனையே தேர்க்காலில் இட்ட அரசன் அவன். எதிரியின் மகனை அவன் தேர்க்காலில் இட்டிருந்தால் யாரும் சிலை வைத்திருக்க மாட்டார்கள். தன் ஆட்சியில் நடக்கும் தவறுக்குத் தனி நீதிமன்றம் அமைக்கும் அரசைத் தமிழ்நாடு மட்டும் அல்ல, எந்த நாடும் எளிதில் பார்த்துவிடாது.

இந்த நெருடலை ஜெயலலிதா தரப்பு உச்ச நீதிமன்றத்தில் எழுப்பியது. அதற்குள் டெல்லியிலும் காட்சி மாறியிருந்தது. அ.தி.மு.க. அப்போது வாஜ்பாய் அரசுக்கு ஆதரவு தந்துகொண்டிருந்தது. 1999 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு அறிவிக்கை வெளியிட்டு அந்த வழக்குகளைத் தனி நீதிமன்றங்களிலிருந்து வேறு நீதிமன்றங்களுக்கு மாற்றியது. ஏப்ரலில் அ.தி.மு.க. ஆதரவை விலக்கியது. ஒரே ஒரு ஓட்டில் வாஜ்பாய் அரசு கவிழ்ந்தது. மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்து, மாநில அரசு அமைத்த தனி நீதிமன்றங்கள் செல்லும் என்றது.

ஒரு அரசு வழக்கை ஒரு நீதிமன்றத்துக்குத் தள்ளுகிறது, இன்னொரு அரசு வேறு பக்கம் இழுக்கிறது. நடுவில் நீதிபதி உட்கார்ந்து சாட்சியைக் கேட்டுக் குறிப்பெழுதிக்கொண்டிருக்கிறார். தனி நீதிமன்றத்தின் நிலைமை பல சமயம் இதுதான்.

2000 பிப்ரவரி 2

அன்று தனி நீதிமன்ற நீதிபதி வி. ராதாகிருஷ்ணன் ஓட்டல் வழக்கில் தீர்ப்பளித்தார். ஜெயலலிதா, செல்வகணபதி, ஐ.ஏ.எஸ். அதிகாரி எச்.எம். பாண்டே, ஓட்டலைச் சேர்ந்த இருவர் என ஐந்து பேருக்கும் ஓராண்டு கடுங்காவல். அரசுப் பதவியைத் தவறாகப் பயன்படுத்தி ஓட்டலுக்கு ஆதாயம் தேடித் தந்தார்கள், அதற்காகக் கூட்டுச் சதி செய்தார்கள் என்பது வழக்கு. மேல்முறையீட்டுக்கு வழி இருந்தது. அன்றே யாரும் சிறைக்குப் போய்விடவில்லை.

ஆனால் தீர்ப்புச் செய்தி வெளியே போனதும் மாநிலம் முழுவதும் மறியல், கல்வீச்சு, பஸ் எரிப்பு தொடங்கியது.

கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் கல்விச் சுற்றுலா போய்விட்டு அன்று பஸ்சில் வந்துகொண்டிருந்தார்கள். தருமபுரி அருகே இலக்கியம்பட்டியில் மறியலால் வண்டிகள் நின்றன. அவர்களின் பஸ்சும் நின்றது. சிலர் வந்து பெட்ரோலை ஊற்றித் தீ வைத்தார்கள். உள்ளே மாணவிகள் இருப்பது தெரிந்தே வைத்தார்கள். பலர் குதித்துத் தப்பினார்கள். மூன்று பேரால் முடியவில்லை.

அவர்கள் படித்தது விவசாயம். அந்த வழக்கோ மலையையும் மண்ணையும் காக்க வந்த விதியைப் பற்றியது. ஒரு விதத்தில் பார்த்தால் அந்தத் தீர்ப்பில் அக்கறை காட்ட வேண்டியவர்கள் அவர்கள்தான். அவர்களைத்தான் தீ தின்றது.

அதன் பிறகு அவர்களுடைய வழக்கு எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும். அந்த மூன்று பேருக்காக யாரும் தனி நீதிமன்றம் அமைக்கவில்லை. கிருஷ்ணகிரியில் நடந்த விசாரணையில் சாட்சிகள் பிறழ்ந்தார்கள். இறந்த மாணவிகளில் ஒருவரின் தந்தை உயர் நீதிமன்றத்துக்குப் போய்ப் போராடி, வழக்கு சேலத்துக்கு மாறியது. 2007 பிப்ரவரியில்தான் தீர்ப்பு வந்தது, ஏழு வருடம் கழித்து. மூன்று பேருக்குத் தூக்கு. உச்ச நீதிமன்றம் 2010-ல் அதை உறுதி செய்து, 2016-ல் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2018 நவம்பரில் அரசின் தண்டனைக் குறைப்பில் அந்த மூன்று பேரும் விடுதலையானார்கள்.

ஓட்டல் வழக்கைத் தனி நீதிமன்றம் மூன்று வருடத்துக்குள் முடித்தது. எரிந்த பஸ் வழக்கின் முதல் தீர்ப்புக்கு ஏழு வருடம். வேகம் யாருக்காக என்ற கேள்வி இங்கே எழாமல் போகுமா?

பிறகு என்ன ஆனது?

ஓட்டல் வழக்கில் கிடைத்தது ஓராண்டுத் தண்டனை. தேர்தலில் நிற்பதைத் தடுக்க அது போதாது. ஆனால் 2000 அக்டோபரில் டான்சி நில வழக்கில் இன்னொரு தனி நீதிமன்றம் மூன்று ஆண்டுத் தண்டனை கொடுத்தது. 2001 தேர்தலில் ஜெயலலிதாவின் வேட்புமனுக்கள் நான்கு தொகுதிகளிலும் நிராகரிக்கப்பட்டன. கட்சி வென்றது, மே 14 அன்று அவர் முதலமைச்சரானார். தண்டனை பெற்றவர் அப்படிப் பதவியேற்க முடியாது என்று செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓ. பன்னீர்செல்வம் முதலமைச்சரானார்.

2001 டிசம்பர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ஓட்டல் வழக்கு, டான்சி வழக்கு இரண்டிலும் ஜெயலலிதாவை விடுதலை செய்தது. அடுத்த மார்ச்சில் அவர் மீண்டும் முதலமைச்சர்.

தனி நீதிமன்றத்தின் தீர்ப்பு நின்றது இருபத்திரண்டு மாதம். விடுதலை என்றால் விடுதலைதான். சட்டத்தின் கண்ணில் அவர் குற்றமற்றவர். அதைக் குறை சொல்வதில் பொருள் இல்லை. மேல்முறையீடு என்பது குற்றம் சாட்டப்பட்ட எவருக்கும் உள்ள உரிமை. கவனிக்க வேண்டியது வேறு. முதல் படியில் மட்டும் வேகம் வைத்து, அடுத்த படிகளைப் பழைய மாதிரியே விட்டுவிட்டால், தனி நீதிமன்றம் பாதி கட்டிய பாலம்தான்.

சொத்துக் குவிப்பு வழக்கைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஆட்சி மாறியதும் அந்த வழக்கின் சாட்சிகள் மறுபடி அழைக்கப்பட்டு, பலர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். நியாயமான விசாரணை நடக்காது என்று க. அன்பழகன் மனுப் போட, 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கைப் பெங்களூருக்கு மாற்றியது. 2014-ல் தண்டனை, 2015-ல் விடுதலை, 2017 பிப்ரவரியில் மற்ற மூவருக்கும் தண்டனையை உறுதி செய்து உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு. அதற்கு இரண்டு மாதம் முன்பே, 2016 டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா காலமாகிவிட்டார். 1997-ல் அமைத்த தனி நீதிமன்றத்தில் தொடங்கிய பயணம் முடிய இருபது வருடம்!

மற்ற நாடுகளில்

பிலிப்பைன்ஸில் 'சண்டிகன்பயான்' என்று ஊழலுக்கென்றே நிரந்தர நீதிமன்றம் இருக்கிறது. ஒவ்வொரு வழக்கையும் மூன்று நீதிபதிகள் சேர்ந்து கேட்பார்கள். அதற்கு மேல் உச்ச நீதிமன்றம் மட்டும்தான். 2007 செப்டம்பரில் முன்னாள் அதிபர் எஸ்ட்ராடாவை அது குற்றவாளி என்றது. அடுத்த மாதமே அப்போதைய அதிபர் அரோயோ அவருக்குப் பொதுமன்னிப்பு கொடுத்துவிட்டார். நீதிமன்றம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அரசியல் பின்வாசல் வழியாக வரும் என்பதற்கு அது சாட்சி.

உக்ரைனில் 2019-ல் தொடங்கிய உயர் ஊழல் தடுப்பு நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கும் உள்ளேயே தனிப் பிரிவு உண்டு. முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் ஒரே வேகம். ஆட்சி மாறும்போது அமைத்து, அடுத்த ஆட்சியில் வலுவிழக்கும் ஏற்பாட்டைவிட இது எவ்வளவோ மேல்.

சட்டமே மாறிவிட்டது

இந்தியாவில் 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டது. விசாரணையை இரண்டு ஆண்டுக்குள் முடிக்க முயல வேண்டும், எப்படியும் நான்கு ஆண்டைத் தாண்டக்கூடாது என்ற விதி வந்தது. நல்லதுதான். ஆனால் அதே திருத்தம் 13(1)(டி) என்ற பழைய பிரிவை நீக்கிவிட்டது. பதவியைத் தவறாகப் பயன்படுத்தி, அல்லது பொதுநலன் எதுவும் இல்லாமல், வேறொருவருக்கு ஆதாயம் தேடித் தருவதே குற்றம் என்று சொன்ன பிரிவு அது. அதனால் நேர்மையான அதிகாரிகள்கூடக் கையெழுத்துப் போடப் பயப்படுகிறார்கள் என்பது நீக்கியவர்கள் சொன்ன காரணம். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் கோடைக்கானல் ஓட்டல் வழக்கு நின்றதே அந்தப் பிரிவின் மேல்தான். இன்று அதே போல ஒரு அரசாணை வந்தால், பணம் கைமாறியதைக் காட்ட முடியாவிட்டால், தனி நீதிமன்றத்தின் கதவு வரை வழக்கு வருவதே கடினம். மேலும், அதிகாரப்பூர்வ முடிவுகளைப் பற்றி விசாரணை தொடங்கவே அரசின் முன்அனுமதி வேண்டும் என்றும் திருத்தம் சொல்கிறது. வேகத்தைக் கூட்டி, வாசலைக் குறுக்கியிருக்கிறார்கள்.

நின்றது எது?

இனி, நினைவில் வைக்கச் சொன்ன இடத்துக்குத் திரும்பலாம். இந்தக் கதையில் இரண்டு வழக்குகள் நடந்தன. ஒன்று, யார் குற்றவாளி என்று கேட்டது. ஆட்சி அமைத்த நீதிமன்றம், ஆட்சிகளின் இழுபறி, தீர்ப்பு, தீ, மேல்முறையீடு, விடுதலை என்று அது முடிந்தது. இன்னொன்று, இந்தக் கட்டிடம் சரியா என்று மட்டும் கேட்டது. அதைப் போட்டவர்கள் மரக்கன்று வளர்த்த சிலர். அதற்குத் தனி நீதிமன்றம் இல்லை, தனி வேகம் இல்லை. ஆனால் 1995-ல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சொன்ன பதில் இன்று வரை மாறவில்லை.

இதனால் தனி நீதிமன்றம் வேண்டாம் என்று ஆகிவிடாது. பதவியில் இருப்பவர் தவறு செய்தால் கேட்க ஒரு இடம் வேண்டும். அது நிரந்தரமாக, எந்த ஆட்சியிலும் அதே நாற்காலியோடு இருக்க வேண்டும். மேல்முறையீட்டுக்கும் கெடு வேண்டும். ஆனால் அதை நம்பி மற்றவர்கள் சும்மா இருந்துவிடக் கூடாது. ஏழாவது மாடி எழும்பிய பிறகு கூண்டில் நிறுத்துவதைவிட, மூன்றாவது மாடிக்குச் செங்கல் ஏறும்போதே ஒருவர் போய் "இதற்கு அனுமதி இருக்கிறதா?" என்று கேட்பது மலிவு. அதில் பஸ் எரியாது.

கோடைக்கானலுக்குச் சுற்றுலா போகும் கல்லூரிப் பஸ்கள் இன்றும் வத்தலக்குண்டு சாலையில் பாட்டுச் சத்தத்தோடு ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன. 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் எடுத்துவிட்டுப் போகிறார்கள். மலை எவ்வளவு தாங்கும் என்ற பழைய கேள்வியேதான் அதுவும். அந்தப் பஸ்சில் ஜன்னல் ஓரம் உட்காரும் எவராவது, தூரத்தில் பஞ்சுப்பொதி மேகத்துக்கு மேல் தெரியும் மாடிகளை ஒரு தடவை எண்ணிப் பார்க்கட்டும். வேறொரு பஸ்சில் வீடு திரும்பாத மூன்று பேரையும் அப்போது ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளட்டும்.